தண்ணீர் இல்லாத மலை

எதிர்க் குன்றின் விளிம்பில் கார் நின்றதும் முதலில் இறங்கியது மதினிதான். கைப்பையில் சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்து, நூலை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். தாளைப் பார்த்தார். பள்ளத்துக்கு அப்பால் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இது இல்ல தம்பி," என்றார். "வேற ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டாக."

2006ஆம் ஆண்டுக் கோடை அது. பிரான்சின் தென்மேற்கே, துலூஸ் நகரத்திலிருந்து வடக்காக இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது அந்த ஊர். கீழே ஒற்றைத் தெரு, அதற்கு மேல் படிகள், படிகளுக்கு மேல் பாறையைக் குடைந்தும் பாறைமேல் சாய்ந்தும் கட்டிய கிறிஸ்தவக் கோயில்கள், உச்சியில் ஒரு கோட்டை. நம் பக்கம் பிற்காலப் பாண்டியர் ஆண்டுகொண்டிருந்த நூற்றாண்டுகளில் அங்கே மன்னர்களும் குற்றவாளிகளும் முழங்காலால் படியேறினார்கள் என்று கையிலிருந்த சிறு புத்தகம் சொன்னது. நான் அதை முதல் நாளே ஒரு முறைக்கு இரு முறை படித்துத் தயாராக இருந்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் இளவயதிலேயே இறந்துவிட்டார். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை பார்த்து ஒற்றை மகளை மதினி வளர்த்தார். நான் சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் தேதி பார்ப்பவன். தினசரித் தாளில் திதி, நட்சத்திரம், ராகு காலம், அமாவாசை, ரம்ஜான் எல்லாம் சரியான கிழமையில் விழுந்திருக்கின்றனவா என்று அச்சுக்கு முன் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஒரு சஷ்டி ஒரு நாள் தள்ளிப் போனால் ஊரெல்லாம் விரதம் மாறிவிடும் என்பதால் எனக்குத் தேதிகளின் மேல் ஒரு பயம் வந்து, பயமே பிறகு பழக்கமாகி, எங்கள் வட்டாரத்தில் எது எந்த ஆண்டு நடந்தது என்று குறித்துவைப்பவனாக ஆனேன். ஆனால் தேதிகளுக்கு மேலே இருக்கும் படத்தை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அது வேறு ஆட்களின் வேலை.

அப்படி நான் பார்க்காமல் விட்ட படங்களில் ஒன்றுதான் மதினி கையில் இருந்தது. நானே அச்சகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த தாள். கடைப் பெயர் அடிக்காத மிச்சத் தாள் என்பதால் கீழே எழுத்தே கிடையாது. ஒரு மலை, அதில் ஒரு கோயில், பாறையிலிருந்து விழும் ஓர் அருவி. மதினி அதை வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

அண்ணன் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அது 1983 தீபாவளியா, 84 தீபாவளியா என்பதில் எனக்கும் மதினிக்கும் கடைசிவரை வழக்குத் தீரவில்லை. தெருவில் யாரோ கொளுத்திய புஸ்வாணம் சீறாமல் வெடித்துவிட்டது. பிள்ளைக்கு இடது கண்ணில் பட்டது. மதுரையில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். மதினி வழக்கப்படி இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு ஒன்று என்றால் அங்கேதான் போவோம். வெள்ளியில் இரண்டு கண்கள் செய்து அம்மன் சன்னதியில் கொடுப்போம். கட்டை வீட்டிலேயே பிரித்தபோது பிள்ளை நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பட்ட கண்ணால் எதிர்ச் சுவரைப் பார்த்து, "மலை தெரியுது," என்றாள். மதினி அந்த இடத்திலேயே தாளைப் பார்த்துக் கும்பிட்டு விழுந்தார். அந்த மலைமேல் இருப்பவள் யாராக இருந்தாலும் அவளுக்கும் ஒரு கண்மலர், அந்த அருவியில் முங்கி ஈரச்சேலையோடு ஏறிவந்து தருகிறேன் என்று நேர்ந்துகொண்டார்.

இருக்கன்குடிக் கடன் அடுத்த ஆடியிலேயே முடிந்தது. மற்றது நின்றுபோனது. அது எந்த ஊர் என்று மதினி என்னைக் கேட்டார். நான் அச்சகத்தில் கேட்டேன். படங்கள் பம்பாயிலிருந்து எண் போட்ட பிலிமாக வரும், பெயர் வராது என்றார்கள். ஒருவர் கொடைக்கானல் பக்கம் என்றார், ஒருவர் காஷ்மீர் என்றார். வெளிநாடாக இருக்கும் என்று நான் சொன்னபோது, "வெளிநாட்டுல ஏது நம்ம சாமி?" என்று மதினி என் வாயை அடைத்தார்.

அந்தப் பிள்ளை படித்து, விமானக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு துலூஸ் போனாள். ஏழாம் மாதம் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அந்த இடது கண் மங்கத் தொடங்கியது. பழைய தழும்பு, பிரசவம் வரை மருந்து எதுவும் கொடுப்பதற்கில்லை, பிறகு பார்ப்போம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்த மருத்துவமனைச் சுவரில்தான் அவள் ஒரு சுற்றுலாப் படத்தைப் பார்த்தாள்; வீட்டுத் தாளில் இருந்த அதே மலை, கீழே ஊர்ப் பெயரோடு. போனில் அவள் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். மதினி கண்ணைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "கடன் பாக்கி நிக்குது, அதான் கண்ணைப் புடிக்கிறா," என்று மட்டும் சொன்னார். மதினி தனியாக விமானம் ஏறமாட்டார் என்பதால் எனக்கும் சேர்த்து டிக்கெட் வந்தது.

இவ்வளவும் நடந்து, கடல் தாண்டி வந்து நின்ற இடத்தில்தான் "இது இல்ல," என்றார்.

தாளில் கோயில் வலப்பக்கம் இருந்தது, கோட்டை இடப்பக்கம். எதிரே எல்லாம் நேர்மாறாக இருந்தது. மாப்பிள்ளை வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாக இருக்கலாம் என்று காரை எடுக்கப் போனார். அப்போதுதான் என் இருபத்தைந்து வருட அச்சக அனுபவம் வேலை செய்தது. தாளை மதினியிடமிருந்து வாங்கி, படம் வெளியே பார்க்கும்படி திருப்பி, வெள்ளைப் பின்புறத்தை எங்கள் பக்கம் வைத்து வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தேன். தாளுக்குள் படம் மங்கலாகத் தெரிந்தது. கோயில் கோயிலின் மேலும் கோட்டை கோட்டையின் மேலும் போய் உட்கார்ந்தன. பிலிமை முகம் மாற்றி வைத்து அடித்துவிட்டால் இடம் வலமாகிவிடும். படத்தில் எழுத்து இல்லை என்றால் யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் நடப்பதுதான். அந்தத் தவறு பம்பாயில் நடந்ததா எங்களிடம் நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதினி ரொம்ப நேரம் அந்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்தார். "இத்தனை வருசமும் முதுகுப்பக்கமாவா நின்னு கும்பிட்டேன்?" என்றார். பிறகு, "தண்ணி எங்க?" என்றார்.

அருவி இல்லை. பாறை காய்ந்து வெளுத்து நின்றது. பள்ளத்தில் ஓடுவதாகப் புத்தகம் சொன்ன ஓடையும் அந்தக் கோடையில் புதருக்குள் எங்கோ மறைந்திருந்தது. எனக்கு அதற்கும் விடை தெரியும் என்பதுதான் சங்கடம். தண்ணீர் இல்லாத சீனரிப் படத்துக்கு எங்கள் பக்கம் ஆர்டர் வராது. வெம்பக்கோட்டை அணையில் எப்போது தண்ணீர் வரும் என்று வானத்தைப் பார்க்கிற வியாபாரிகள், சுவரிலாவது நீர் விழட்டும் என்று நினைப்பார்கள். அதனால் படத்தில் தூரிகையால் ஒரு வெள்ளைக் கோட்டை மேலிருந்து கீழே இழுத்துவிடுவது ஓவியரின் வேலைகளில் ஒன்று. இதை நான் மதினியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அருவியைத் தேடி அந்த மலையைச் சுற்றியிருப்பார் என்றும் நினைத்திருக்கிறேன்.

"அப்பம் நான் யாருகிட்டதான் கேட்டேன்?" என்றார் மதினி. கோபமாக இல்லை. வழி கேட்பவர் குரலில் கேட்டார்.

அண்ணன் மகள்தான், காரிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி வந்தாள். "உக்காரும்மா," என்றாள். மதினி வண்டிகள் நிறுத்தும் அந்த இடத்தில், சரளைக் கல்லின்மேல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். மகள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து அம்மா தலையில் ஊற்றினாள். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மதினி முகத்தை வழித்துக்கொண்டு எழுந்து, "கடைத் தண்ணி. அவ கோவிச்சுக்கிட்டா நீதான் பதில் சொல்லணும்," என்று மகளிடம் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பிறகு எல்லோரும் காரில் அடிவாரத் தெருவுக்கு வந்தோம். மகள் படி ஏறக் கூடாது என்பதால் அவளும் மாப்பிள்ளையும் நிழலில் தங்கிவிட்டார்கள். மொழி தெரிந்த இருவரும் கீழே, தெரியாத இருவரும் மேலே. மதினி முதல் படியில் செருப்பைக் கழற்றி, அதை யாரிடம் கொடுத்து டோக்கன் வாங்குவது என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் செருப்போடும் பூட்ஸோடும் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானே அதை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டேன். முழங்காலால் ஏறிய மன்னர்களைப் பற்றிச் சொன்னேன். "நானும் அப்படி ஏறணுமா?" என்று கேட்டார். தெரியவில்லை மதினி, இப்போது யாரும் அப்படி ஏறுவதாகத் தெரியவில்லை என்றேன். நான்கைந்து படிகள் முழங்காலால் ஏறிப் பார்த்துவிட்டு, ஈரச்சேலை தடுக்கியதால் எழுந்து நடந்தார்.

சிறிய கோயில். மெழுகுவத்திப் புகையில் சுவர்கள் கருத்திருந்தன. மேலே சிறிதாக, கருப்பாக, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் மாதா. அந்தக் கருப்பு மரத்தின் நிறமா புகையின் நிறமா என்பது குறித்து ஒத்த கருத்து இல்லை என்று புத்தகம் சொன்னது. மதினி கவனித்தது வேறு. "மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு கையாலகூடப் புடிக்காம இருக்கா பாருங்க. விழுந்துறாது?" என்று என் காதில் கேட்டார். அவர் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். குழந்தை முழங்கால் விளிம்பில் தானாக உட்கார்ந்திருந்தது. அம்மாவின் கைகள் நாற்காலியின் கைகளில் இருந்தன.

பூசாரி என்று யாரும் இல்லை. மெழுகுவத்தித் தட்டிலிருந்து உருகியதைச் சுரண்டிக்கொண்டிருந்த, இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிய ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். காணிக்கை என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்க வேண்டும். கண்ட இடத்தில் வைத்துவிட்டு வந்தால் அது கொடுத்ததாகாது. மதினி ஊரிலிருந்து முடிந்துகொண்டுவந்த மஞ்சள் துணியைப் பிரித்து, இரண்டு வெள்ளிக் கண்களையும் உள்ளங்கையில் வைத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு வெள்ளிக் கண்களைப் பார்த்தார். பிறகு சொட்டும் சேலையோடு நின்ற மதினியின் கண்களைப் பார்த்தார். ஏதோ கேட்டார். மதினி தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, கீழே தெரு இருந்த திசையைக் காட்டினார். அந்த அம்மாள் துணியோடு அவற்றை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் பீடத்தின் பக்கம் போனார். கொஞ்சம் கழித்துத் திரும்பிவந்து, அவற்றை மதினி கையிலேயே வைத்து, விரல்களை மடக்கி மூடி, தன் இரண்டு கைகளாலும் அந்த மூடிய கையை அழுத்திப் பிடித்தார். ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு சுரண்டுவதற்குப் போய்விட்டார்.

இறங்கும்போது மதினி பாதிப் படியில் நின்றுவிட்டார். "பூசாரின்னா திருநீறு, குங்குமம் ஏதாச்சும் குடுப்பாக. நாம குடுத்ததையே திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்? வாங்கிக்கிட்டாளா, வேண்டாம்னுட்டாளா? எம்புட்டுப் படிச்சிருக்கீக, சொல்லுங்க தம்பி."

தூண் மறைத்ததால் அந்த அம்மாள் அதைப் பீடத்தில் வைத்தாரா, வெறுமனே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தாரா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. அவர் சொன்ன வாக்கியத்தின் ஓசையையாவது மனதில் வைத்து மாப்பிள்ளையிடம் கேட்கலாம் என்று முயன்றேன். கீழே வருவதற்குள் அதுவும் கலைந்துவிட்டது.

அடிவாரத்தில் மகள் எழுந்து வந்தாள். மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். "குடுத்தாச்சாம்மா?"

"வாங்கிக்கிட்டா," என்றார் மதினி. கை இடுப்புச் செருகலுக்குள் இருந்தது. அந்தக் கையில்தான் இரண்டு கண்களும் இருந்தன. அவர் மகளுக்காகச் சொன்னாரா, இறங்கிய மீதிப் படிகளில் அவருக்கே ஒரு முடிவு கிடைத்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. மகளின் கண்ணில் மங்கல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. முழுதாகப் போயிருந்தாலும், போகாமலே இருந்திருந்தாலும் மதினிக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். ஊருக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் என்னிடம் இதையே கேட்டார். பாதி என்றால் என்ன கணக்கு? பாட்டில் தண்ணீரில் குளித்ததற்குக் கழித்துக்கொண்டாளா? படம் திரும்பி இருந்ததால் நேர்ந்தது பாதிதான் போய்ச் சேர்ந்ததா? இடது, வலது மாறிவிட்டதால் நல்ல கண்ணுக்கு ஏதும் வந்துவிடுமா? நான் திதி பார்க்கிறவன். எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்று லட்சம் வீடுகளுக்குச் சொல்கிறவன். மதினிக்கு ஆடி வெள்ளி எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஆடி வெள்ளியில் மதினி என்னை இருக்கன்குடிக்குக் கூப்பிட்டார். ஆற்றில் மணலைத் தோண்டி ஊறிய தண்ணீரில் நனைந்துவிட்டு, ஈரச்சேலையோடு வரிசையில் நின்றார். சன்னதிக்கு வந்ததும் மஞ்சள் துணியைப் பிரித்து இரண்டு கண்களையும் பூசாரியின் தட்டில் போட்டார். பூசாரி அதைப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு வந்த அத்தனை கண்களும் அந்தத் தட்டில்தான் கிடந்தன. அடுத்தவர் போட்டதும் எது எங்களுடையது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. மதினி நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதைப் போல அம்மனைப் பார்த்துச் சொன்னார்:

"இது அங்கன மலையில இருக்கவளுக்குக் குடுக்க வேண்டியது, தாயி. அவ பேசுறது எனக்கும் புரியல, எங்க கொழுந்தனாருக்கும் புரியல. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க."