ராமையா நகரில் அவித்த நெல்

நேற்றுக் காலை சாரலில் நனைந்துகொண்டே ஒரு கூரியர்காரர் வாசலில் வந்து நின்று, "ஆச்சி, ராமையா நகர் மூணாம் தெரு இதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் கால் துடைத்த ஈரச் சாக்கிலிருந்து ஒரு வாடை கிளம்பி மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது வெறும் சாக்கு வாடையாக இருக்கலாம். எனக்கு அது பழிவாங்கிய வாடை.

குத்துக்கல்வலசையில் இந்தத் தெருவெல்லாம் அறுபதுகளில் எங்கள் வயல். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணன் ராமையா அத்தானும் கூட்டாக வைத்திருந்தது. உழைப்பு எங்களுடையது, மீசை அத்தானுடையது. அவர் வரப்பில் நடந்தால் செருப்பில் சேறு படாது.

அப்போதெல்லாம் வைகாசிக் கடைசியில், சாரல் தொடங்கும் சமயத்தில், தென்காசியில் ஐந்து நாள் விவசாயப் பொருட்காட்சி போடுவார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஜனம் வந்து குவியும். ஒரு பக்கம் துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவார்கள். இன்னொரு பக்கம் கடையநல்லூர் நெசவுக்காரர்கள் கைலியை விரித்துப் போட்டிருப்பார்கள். செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் பாதி மலையாளத்தில் சேனைக்கிழங்கு விற்பார்கள். ராட்டினத்தில் ஏறிவிட்டு, இறக்கிவிடச் சொல்லி நான் போட்ட கூச்சலை இலத்தூர்க்காரர்கள் ரொம்ப வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். போகட்டும்.

உண்மையில் எல்லோரும் வந்தது விதைக்காக. ஒரே மண்ணில் ஒரே விதையையே போட்டுக்கொண்டிருந்தால் விளைச்சல் சுருங்கிப்போகும். இன்றுபோல் மூலைக்கு மூலை விதைக்கடை ஏது? பொருட்காட்சியில்தான் ஊருக்கு ஊர் விதை மாறும். முதல் நாள் ஒவ்வொருவர் விதையிலும் நூறு நெல் எண்ணி, நனைந்த சாக்கில் சுருட்டி, பெயர் அட்டை கட்டி வைப்பார்கள். நான்காம் நாள் எல்லோர் முன்னாலும் பிரிப்பார்கள். யாருடைய நெல் நன்றாக முளைத்திருக்கிறதோ அவருக்குப் பரிசு. அதற்குப் பிறகுதான் விதை மாற்றுவார்கள். பரிசு நெல்லுக்கு மரக்காலோடு வரிசை நிற்கும். அடுத்த போகம் பத்து ஊரில் அந்த நெல் நிற்கும், அந்தப் பெயரும் நிற்கும்.

எங்கள் விதைநெல் நான் பொறுக்கியது. அறுப்புக்கு முன்னால் வயலில் இறங்கி, கதிர் கதிராகப் பார்த்து, மடியில் கட்டிக் கொண்டுவந்து, பதரில்லாமல் புடைத்து, மண் குலுக்கையில் கொட்டி வைத்தது. ஒரு வருஷம் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அட்டையில் அத்தான் பெயர்! "பொறுக்குனது நாந்தான, என் பேர எழுதுனா என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தம்பியிடம் சொன்னார்:

"ஏலே, ஒம் பொண்டாட்டி பேர சந்தையில தொங்கவிடணுமாம்லே. வெக்கமா இல்ல?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு வருஷம் முழுக்கக் கறுவிக்கொண்டே இருந்தேன்.

மறு வருஷமும் அத்தான் வந்தார். "ஏலே, வெதநெல்ல எடுத்துவைக்கச் சொல்லு." எடுத்து வைத்தேன். அதே நெல்தான், ஆனால் ஓர் ஆவி காட்டி அவித்து, நிழலில் உலர்த்தி, வாடை தெரியாமல் நொச்சி இலை போட்டு வைத்தேன். சமைக்கத் தெரிந்த எந்தப் பொம்பளையும், வயலில் இறங்கிய எந்த ஆணும் கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். அத்தான் அள்ளிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பாவம் என்று நினைத்தேனா? இல்லவே இல்லை. ஊர் வயலைக் கெடுக்க மட்டும் எனக்கு மனசில்லை. சாக்கைப் பிரிக்காமல் ஒரு மணி நெல்லும் கை மாறாது என்ற தைரியத்தில்தான் செய்தேன்.

நான்காம் நாள் விவசாய ஆபீசர் சாக்குச் சுருளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாய் முளை. அத்தான் மீசையைத் தடவிக்கொண்டு, "கதிர் கதிரா நானே பொறுக்குனது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சுருளில் நூறு நெல்லும் ஊதிக் கொழகொழவென்று கிடந்தன. இலத்தூர்க்கார அம்மா ஒருத்தி ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"யம்மா! இது அவிச்ச நெல்லுல்லா! கஞ்சிக்கு உள்ளத வெதைக்குக் கொண்டாந்துட்டீயளே அண்ணாச்சி!"

பந்தலே சிரித்தது. அத்தான் என் பக்கம் பாய்ந்தார்.

"ஏட்டி, என்னத்தட்டி எடுத்துக் குடுத்த?"

அவசரத்தில் தன் வாயாலேயே உளறிவிட்டார். ஆபீசர் நிமிர்ந்து, "அப்ப வெத எடுத்தது நீங்க இல்லியா?" என்று கேட்டார்.

கடைசிச் சுருளில் நூறும் முளைத்திருந்தது. அட்டையை ஆபீசர் உரக்க வாசித்தார். என் பெயர். அவிக்காமல் நான் ஒதுக்கிவைத்திருந்த நெல்லுக்கு என் வீட்டுக்காரர்தான் அட்டை எழுதிக் கொடுத்திருந்தார்; அண்ணனுக்குப் பயந்து இருட்டில் எழுதியதில் எழுத்தெல்லாம் கோணல்மாணல். வரிசையில் நின்றவர்களுக்கு நானே மரக்காலால் அளந்து போட்டேன். அதற்குப் பிறகு பல போகம் அந்த நெல்லை என் பெயர் சொல்லித்தான் கேட்டார்கள். அத்தானுக்கோ சாகும்வரை அவிச்சநெல்லு என்றுதான் பெயர். அவர் பஸ் ஏறினால் பின்சீட்டிலிருந்து யாராவது, "அவிச்சநெல்லு வருதாரு, எடம் விடுங்கலே" என்பார்கள். அதைக் கேட்கவே நான் கூடவே பஸ் ஏறுவேன்.

பொருட்காட்சி எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. நெல்லும் போயிற்று. வயலை மனை போட்டவன் அத்தானுடைய பேரன். முகப்பில் ஒரு வளைவு கட்டி, தாத்தா பெயரைச் சிமெண்டில் பதித்துவிட்டான். இப்போது எனக்கு வருகிற கடிதத்திலெல்லாம் என் பெயருக்குக் கீழே அவர் பெயர்.

கூரியர்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "ராமையா நகர்தானே ஆச்சி?"

"அவிச்சநெல்லு நகர்னு கேளுங்க" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது எங்கன இருக்கு ஆச்சி?"