டிராகன் நாட்டில் ஒரு பெரியம்மா

நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அம்மா முதலில் கேட்பது, "பெடியன் எவடம்?" என்பதுதான். பையன் எந்த ஊர் என்று அர்த்தம்; நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பென்டில் ஹில்லின் தமிழ்க் கடைகளில் புதிதாகக் காணும் எவரிடமும் அவர் கேட்கிற அதே கேள்வி. அடுத்தது, "தாய் தேப்பன் ஆர்?"

இப்போது வருகிற மிகுபுனைவு நாவல்களில் இந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. தாயும் தகப்பனும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. முன்பக்கத்தில் மலை, ஆறு எல்லாம் போட்ட வரைபடம் இருக்கும், பின்பக்கத்தில் சொல்லகராதி இருக்கும். நடுவில் பிள்ளை தனியாக வாளோடு நடக்கும். ஐந்நூறு பக்கம் நடந்தும் ஒருவருக்காவது செருப்பு அறுந்ததாக நான் வாசித்ததில்லை.

வாசித்தேன் என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். அம்மாவின் படிப்பு ஊரில் நடந்த யுத்தத்தால் நாலாம் வகுப்போடு நின்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பல்கலைக்கழகப் பட்டமும் எடுத்தேன். ஆகவே மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அங்கே மிகுபுனைவும் அறிவியல் புனைவும் மட்டும்தான். மற்றவர்கள் பால்பல் விழுவதற்கு முன்பே டிராகன்களோடு பழகியவர்கள். நான் வேலைக்குப் போகும் ரயிலில் இந்த வயதில் தொடங்கியவள். முதல் இரண்டு மாதமும் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாம் மாதம் எனக்கு வழி திறந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கறி அடைத்த ரோல்ஸ் சுற்றுவார்; நான் பக்கத்தில் இருந்து அந்த மாதப் புத்தகத்தின் கதையைச் சொல்வேன். அன்று, பனி கொட்டும் டிராகன் நாட்டில் ஒரு பெடியனின் தாய் செத்த இடம் வந்ததும் அம்மா சிரித்தார்.

"தாய் இருந்தா இந்தக் குளிருக்குள்ள விடுவாளே? அதுதான் முதல்லயே சாக்காட்டிப் போட்டினம்."

மறுநாள் வட்டத்தில் இதையே நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தத் தாய் உயிரோடு இருந்தால் பயணம் தொடங்கவே முடியாது, ஆசிரியர் அவளுக்குப் பயந்துதான் கொன்றிருக்கிறார் என்றேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வட்டத்தை நடத்துகிற பெண்மணி அதைக் குறித்துக்கொண்டார். யாருடைய யோசனை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் தேநீர் குடித்தேன்.

அதன் பிறகு வெள்ளி தோறும் அம்மாவின் கேள்விகள் என் கைபேசியில் ஏறின. விண்கப்பலில் தலைமுறை தலைமுறையாகப் போகும் கதைக்கு, "முந்நூறு வருசத்துக்கு அரிசியை எங்க வைக்கிறவை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வட்டம் முக்கால் மணிநேரம் பேசியது.

ஆனால் அம்மாவிடம் கதை நகர்த்துவது லேசான வேலை அல்ல. முதலில் சொன்ன அந்த டிராகன் நாட்டுப் பெடியன் பனிக்குள் இறங்கியபோதே அம்மாவின் கை நின்றுவிட்டது.

"சாப்பாடு?"

"புத்தகத்தில இல்லை அம்மா."

"அப்ப அவன் போகேலாது."

எனக்கு நானூறு பக்கம் மிச்சம். வேறு வழியில்லாமல், வாசல் படலை வரைக்கும் ஓடிவந்து ரொட்டிப் பார்சல் கொடுக்க ஒரு பெரியம்மாவை உண்டாக்கினேன். அம்மாவின் கை மறுபடி சுற்றத் தொடங்கியது. "என்ன சம்பல்?" என்றார். மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல் என்றேன். அன்றிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பெரியம்மா வந்தார். விண்கப்பலிலும் குசினி அவர் கையில்தான்.

இப்படியே போயிருக்கும். ஒரு மாதம் வட்டத்தை நீயே நடத்து என்று அந்தப் பெண்மணி கேட்டுவிட்டார். என் பெயர் போட்டு, என் கேள்விகளை அச்சடித்து எல்லோருக்கும் கொடுப்பதாகவும் சொன்னார். அதுவரை வந்த புத்தகங்களையெல்லாம் சேர்த்துப் பேசுவதாகத் திட்டம். அன்று அம்மாதான் என்னைக் காரில் கொண்டுபோய் விட்டார். ரோல்ஸ் தட்டைக் கொடுத்துவிட்டுப் போக உள்ளே வந்தவரை அவர்கள் விடவில்லை, கதிரை போட்டு இருத்தினார்கள்.

முதல் கேள்வியை வாசித்தேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையல் வேலையில் பழகிய ஆங்கிலம் இருக்கிறது என்பதை அந்த நேரம் மறந்துபோனேன்.

"இது நான் கேட்டதெல்லே?"

"பிறகு கதைப்பம் அம்மா."

இரண்டாவதை வாசித்தேன். அரிசி.

"எடியே, உன்னை யூனிவெர்சிற்றிக்கு விட்டது என்னைப் பாத்து எழுதவோ?"

அம்மா என்ன சொல்கிறார் என்று எல்லோரும் ஆவலோடு கேட்டார்கள். வாழ்த்துச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தாளில் என் பெயரைப் பார்த்தேன், ஊதா மையில் பெரிதாக இருந்தது. "இந்தக் கேள்விகள் எல்லாம் இவருடையவை" என்றேன்.

எல்லோரும் அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். பிறகு கைதட்டல், அம்மாவுக்கு. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார். எந்தப் பாத்திரம் உங்களுக்கு அதிகம் பிடித்தது என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"பிக் ஆன்ரி," என்றார் அம்மா. "வெரி குட் லேடி. ஷீ கிவ் ரொட்டி."

எல்லோரும் பக்கங்களைப் புரட்டினார்கள். ஒருவர் பின்பக்கச் சொல்லகராதியில் ரொட்டியைத் தேடினார். அம்மா பொறுமையாக என் பக்கம் திரும்பினார்.

"எத்தனையாம் பக்கம் எண்டு சொல்லு பிள்ளை. நீதானே படிச்சனி."

அன்று இரண்டாவது தடவையும் உண்மையைச் சொன்னேன், பெரியம்மா நான் உண்டாக்கியவர் என்று, ஒருதரம் ஆங்கிலத்தில், ஒருதரம் தமிழில். ஆங்கிலத்துக்குச் சிரிப்பு வந்தது. தமிழுக்கு அம்மா ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பும்போது முதல் சிக்னலில் காரை நிறுத்தி அம்மா கேட்டார்.

"அப்ப அந்தப் பெடியன் சாப்பிடாமலே போனவன்?"

"ஓம்."

"கப்பலில?"

"அங்கயும் ஒருத்தரும் இல்லை அம்மா."

"இனிப் புத்தகத்தில இருக்கிறதை மட்டும் சொல்லு. நானும் ஏமாறுறன், நீயும் கெட்டுப்போறாய்."

சரி என்றேன். அடுத்த வெள்ளி புதுப் புத்தகம். நிலவில் சுரங்கம் தோண்டப் போகும் ஒரு பெண்ணின் கதை. இருபதாம் பக்கத்திலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள்.

"தாய்?"

"இல்லை."

"பெரியம்மா?"

"இல்லை அம்மா. புத்தகத்தில இல்லை."

அம்மா பாதி மடித்த ரோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சுற்றி முடித்துத் தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தார்.

"அவளை ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு," என்றார். "நான் கட்டித் தாறன்."