அண்ணன் சாவுக்கு அழாத குமுதரேகா

அம்மாசிக்கு அத்தை மேல் இருந்த கோபம் அவன் ஓட்டுகிற ஆட்டோவைவிடப் பழையது. அப்பா முனியன் செத்த அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை.

ஊரூர் குப்பத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு முனியனைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் காரில் அத்தை வந்து இறங்கினாள். ஊர் உலகமெல்லாம் அழுவதற்கென்றே டிக்கெட் வாங்கிப் பார்த்த முகம் அது. அண்ணன் காலடியில் நின்றாள், மாலை போட்டாள், திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காசு குடுத்தாதான் அழுவா போலக்கீது" என்று பந்தலுக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள். அந்தச் சொல் அம்மாசியின் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. அவனுடைய அம்மா தேவானை அதற்கும் மேலே போனாள். "இனிமே அவ பேரை இந்த ஊட்ல எவனாவது எடுத்தீங்க, சோறு கெடையாது" என்றாள்.

பேரை எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அவள் படம் போட்டால் என்ன செய்வது? தேவானை சேனலை மாற்றுவாள். பக்கத்து வீட்டில் அதே படம், எதிர் வீட்டிலும் அதே படம். சந்து முழுக்கக் குமுதரேகாவின் அழுகைதான் கேட்கும். தேவானை எழுந்து கடல் பக்கமாகப் போய்விடுவாள்.

குமுதரேகா என்பது சினிமாக் கம்பெனி வைத்த பேர். வீட்டில் வைத்தது பச்சையம்மா. சின்ன வயதில் தலையில் மீன் கூடையோடு அடையார் தெருவெல்லாம் சுற்றியவள். ஒரு நாள் கடற்கரைக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். கதைப்படி படகு கவிழ்ந்து ஒருவன் சாகிறான். கரையில் நின்று கதற ஆள் வேண்டும். குப்பத்துப் பெண்களையே நிறுத்தினார்கள். மற்றவர்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பச்சையம்மாவுக்கு அப்படி முடியவில்லை. அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டைரக்டர் 'கட்' சொன்னார். அவள் நிறுத்தவில்லை. கேமராக்காரரும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரமே கோடம்பாக்கத்திலிருந்து கார் வந்தது.

கிளிசரின் வேண்டாத நடிகை என்று பேர் வாங்கினாள். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தக் கண்ணிலிருந்துதான் முதல் சொட்டு விழும். அதைவிடப் பெரிது அவள் சத்தம். பேச்சு நடுவில் மூச்சு அறுந்து, ஒரு விக்கல் வந்து, அப்புறம்தான் அழுகை கிளம்பும். இன்றைக்கும் பலகுரல் நிகழ்ச்சி செய்கிற பையன்கள் அந்த விக்கலைப் போட்டுத்தான் கைதட்டல் வாங்குகிறார்கள்.

அழுகை அவளுக்கு வீடு வாங்கிக் கொடுத்தது. அந்த வீட்டுக்குள்ளேயே அவளைப் போட்டு மூடியும் விட்டது. படத்துக்குப் படம் தாலி அறுத்த முகம் என்பதால் கல்யாணத்துக்கு யாரும் அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. தயாரிப்பு நிர்வாகி ஒருவரைக் கட்டிக்கொண்டாள், ஜானகி என்று ஒரு பெண் பிறந்தாள். வளைகாப்புக்கு அழைத்த இடத்தில்கூட, "நீங்க அப்படி ஓரமா உக்காருங்கம்மா" என்றார்களாம்.

ஒரே ஒரு தடவை தப்பிக்கப் பார்த்தாள். டீக்கடை நடத்துகிற வாயாடி வேஷம், முழுக்கச் சிரிப்புப் படம். கெஞ்சி வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். முதல் சீனில் அவள் சிரித்துக்கொண்டே வந்ததும் பெண்கள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு சிரிக்கிறாளே பாவி, பின்னால் என்ன வரப் போகிறதோ என்று. "அம்மா, கடைசில ரெண்டு ரீல் அழுதுடுங்க, படம் பொழைச்சிக்கும்" என்றார் விநியோகஸ்தர். டீக்கடைக்காரியின் புருஷனை லாரியில் அடிபட வைத்து, இவளை அழ வைத்து ஒட்டினார்கள். படம் நூறு நாள் ஓடியது. அதற்கப்புறம் அவளைச் சிரிக்கச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

வயசானது, புருஷன் போய்ச் சேர்ந்தார், சினிமாவும் நின்றது. தி. நகரில் மூன்றாவது மாடியில் மகளோடு இருந்தாள். போன வருஷம் கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நேரத்தில், மகளுக்குத் தெரியாமல் தெருமுனைக் கடைக்கு வெங்காயம் வாங்க இறங்கினாள். எவனோ போனில் படம் பிடித்துவிட்டான். 'அன்று கண்ணீர் ராணி, இன்று வெங்காயத்துக்குக் கண்ணீர்' என்று பாட்டு வைத்து ஓட விட்டான். ஊரே பார்த்தது. பெற்ற தாயைப் பட்டினி போட்டவள் என்று ஜானகியை ஆபீஸ் வரைக்கும் துரத்தித் திட்டினார்கள். "கண்ணு ஆபரேஷங்க" என்று ஜானகி எத்தனை பேருக்குச் சொல்வாள்? அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வீடியோ குப்பத்துக்கும் வந்தது. தேவானை பார்த்துவிட்டு, "நடிக்கிறாடா. அவளுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள். ரெண்டு நாள் கழித்து மீன் ஆய்ந்துகொண்டே, "போய்தான் பாரேன். துன்னாளா இன்னான்னு பாத்துட்டு வா. நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள்.

அம்மாசி வேண்டாவெறுப்பாகத்தான் போனான்.

"யாரு?" என்றாள் கிரில்லுக்கு அந்தப் பக்கம் அத்தை.

"அம்மாசி. முனியன் பையன்."

"முனியன் பையன் ஒல்லியா இருப்பான். நீ யாரு?"

"அது அப்ப, அத்தே. இப்ப தொந்தி வச்சிகீது."

அவள் சிரித்துவிட்டாள். அத்தை சிரித்து அவன் கேட்டதே இல்லை. அவனும் ஒரு நிமிஷம் பயந்தான், பின்னால் என்ன வரப் போகிறதோ என்று.

"கதவத் தெற அத்தே."

"சாவி ஜானகிகிட்ட கீது, நைனா. சாய்ந்தரம்தான் வருவா. படியிலயே குந்து." உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ஜெயிலுக்கு மனு போட்டு வந்த மாதிரி கீதில்ல?"

தி. நகர்ப் பக்கம் சவாரி வந்தால் படியேறிப் பார்த்துவிட்டுப் போவது அம்மாசிக்குப் பழக்கமானது. ஒரு நாள் ஜானகி இருந்தாள். காபி கொடுத்துவிட்டு, "நான் கொடுமைக்காரின்னு நீயும் நினைக்கிறே இல்ல, அம்மாசி? வெளியே விட்டா அழ வைக்கிறாங்க. பூட்டி வச்சா நான் பாவி. நீயே சொல்லு, என்ன பண்றது?" என்றாள். அவன் காபியைக் குடித்தான்.

இன்னொரு நாள் மனதில் இருந்ததைக் கேட்டே விட்டான். "எங்கப்பா சாவுக்கு ஏன் அத்தே நீ அழுவல?"

அவள் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடையார் பாலத்துலேர்ந்து கார்ல அழுதுகினுதான்டா வந்தேன். டிரைவரக் கேளு. அவனும் செத்துட்டான், எங்க கேப்ப? நான் எறங்குனதும் ஒப்பாரி நின்னுபோச்சி. உங்கம்மா மொதக்கொண்டு நிறுத்திட்டா. எல்லாக் கண்ணும் என் மேல. எவளோ ஒருத்தி, 'நவுரு நவுரு, அழுவப் போறாங்க'ன்னு பின்னாடி நின்னவளுக்கு எடம் உட்டா. அவ்ளோதான். கண்ணு காஞ்சிபோச்சி. அங்க நான் அழுதிருந்தா அது எங்கண்ணனுக்கா போய் சேர்ந்திருக்கும்? அவளுங்களுக்குல்ல போயிருக்கும்."

"ஊட்டுக்குப் போய் அழுதிருக்கலாமே."

"ஊட்ல கண்ணாடி கீது" என்றாள். "எனக்கே தெரியும்டா, எந்தக் கண்ணுலேர்ந்து மொதல்ல வருதுன்னு. எங்க போய் அழுவ?"

தனக்கென்று, தன் சொந்தத்துக்காக ஒரே ஒரு தடவை, எவரும் பார்க்காமல் அழுதுவிட வேண்டும். அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அன்றைக்குத்தான் அம்மாசிக்கு அது விளங்கியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். "நான் எங்கடா நிறுத்துனேன்" என்று தேவானை சண்டைக்கு வந்தாள். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தவள், "திரும்பிப் பாத்தேன்தான். எல்லாரும் பாத்தாங்க, நானும் பாத்தேன்" என்றாள். மறுதடவை அவன் தி. நகர் போகும்போது நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அத்தை அதைக் கம்பிச் சந்தில் வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் நாற்றம் என்று சண்டைக்கு வந்ததாக ஜானகி போனில் கத்தினாள். தேவானைக்கு அதைக் கேட்டு அவ்வளவு சிரிப்பு. "மாசி மகத்துக்கு அவள இட்டுகினு வாடா. மூஞ்சிக்கு நேரா நானே கேட்டுக்கறேன்" என்றாள்.

மாசி மகம் வரைக்கும் தேவானை இல்லை. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அம்மாசி ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டு நேராக தி. நகர் போனான். கிரில்லைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அத்தை உள்ளே போய் நைட்டியை மாற்றிக்கொண்டு, பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து பூட்டுக்கு முன்னால் நின்றாள்.

ஜானகிக்கு போன் போட்டான். "வேண்டாம் அம்மாசி. அங்க நூறு பேர் போனைத் தூக்குவாங்க. நாளைக்கு எல்லா சேனல்லயும் எங்கம்மா அழுவாங்க. என்னால தாங்க முடியாது" என்றாள்.

"எங்கம்மா செத்துட்டாக்கா" என்றான் அம்மாசி.

"வரேன்" என்றாள் ஜானகி. வந்து பூட்டைத் திறந்தாள். அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

அத்தை தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடையார் பாலம் ஏறும்போது அம்மாசி கண்ணாடியில் பார்த்தான். துண்டு ஈரமாகியிருந்தது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். தானும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது.

சந்துக்குள் ஆட்டோ நுழையாது. இறங்கி நடந்தார்கள். பத்தடி போவதற்குள் செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. ஒப்பாரி நின்றது. அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றது. காவேரி என்கிற மீன்காரி, "ஏ, குமுதரேகாடீ! எடம் உடுங்கடீ" என்றாள். பத்துப் பதினைந்து போன் மேலே எழுந்தது.

அம்மாசி முன்னால் பாய்ந்தான். "எவனாவது போனத் தூக்குன, புடுங்கிக் கடல்ல கடாசிடுவேன். எங்கம்மாடா செத்துகீது! சினிமாவா இது?"

"இன்னா மாமா, ஒரே ஒரு போட்டோ" என்றான் ராபர்ட் என்கிற பக்கத்துத் தெருப் பையன்.

"உங்க ஆத்தா சாவட்டும், அப்ப எட்றா."

போன்கள் இறங்கின. ஜானகி வாசலில் ரெண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். அம்மாசி உள்ளே இருந்த பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே அனுப்பினான். "அஞ்சு நிமிசம்க்கா, கால்ல உழறேன், வெளிய போங்க." முனகிக்கொண்டே போனார்கள். யாரும் தூரப் போகவில்லை. சுவரை ஒட்டி நின்றுகொண்டார்கள். குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்தினார்கள். அந்தச் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து அம்மாசி பார்த்ததில்லை. எல்லோரும் அந்த விக்கலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.

உள்ளே ஐஸ் பெட்டிக்குள் தேவானை. கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு அத்தை நின்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அழு அத்தே. இங்க யாரும் இல்ல" என்றான்.

"காதெல்லாம் செவுத்துல கீதுடா" என்றாள்.

தெருமுனையில் மேளக்காரர்கள் வந்து இறங்கி, பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். அத்தை தலையைத் தூக்கினாள்.

அதற்கப்புறம் அவள் ரொம்ப நாள் இல்லை. சித்திரை பிறப்பதற்குள் போய்விட்டாள். இடையில் அம்மாசி எத்தனையோ தடவை படியேறினான். ஜானகி பூட்டுப் போடுவதை விட்டிருந்தாள். அத்தை அவனைச் சாப்பிடச் சொல்வாள், தொந்தியைக் கிண்டல் செய்வாள், ஆனால் தனக்கென்று எதையும் கேட்கவில்லை. கேட்டது தேவானை செத்த அன்றைக்குத்தான், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு.

"அம்மாசி, அவனுங்கள இங்க வாசப்படிக்கே இட்டுகினு வா. எவ்ளோ சத்தமா அடிக்க முடியுமோ அவ்ளோ சத்தமா அடிக்கச் சொல்லு. நானா கதவத் தெறந்து வர்ற வரிக்கும் நிறுத்தக் கூடாது, நைனா. யாரு சொன்னாலும் நிறுத்தக் கூடாது."