சோதனைக்கு முந்தின ரொட்டிகள்

என் அம்மாவும் அப்பாவும் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்துக்கு வந்து குடியேறியவர்கள். வயல் செய்து, நெல்லை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குள் அடுக்கிய பிறகும், காலையில் அம்மா தோட்டத்துப் பழக்கப்படி கோதுமை மாவைத்தான் குழைத்தாள். துருவிய தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போடுவாள். ஓரம் கருகி மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாய்ச் சம்பல், குடிக்கப் பால் விடாத பிளேன்ரீ. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் சுருட்டிக் கையில் தந்துவிடுவாள். வீட்டு ஒழுங்கையை நடந்து முடிக்கும்போது ரொட்டியும் முடிந்திருக்கும்.

போர் முடிந்து முகாமில் இருந்தபோது நிவாரணமாகக் கோதுமை மா வந்துகொண்டேயிருந்தது. சோறும் அரிசிமாப் புட்டும் சாப்பிட்டு வளர்ந்த சனம் அந்த மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. எங்கள் கூடாரத்தில் மட்டும் பழைய வாசம் எழும்பியது. பக்கத்துக் கூடாரத்தில் முரசுமோட்டை ஊர்க் குடும்பமொன்று இருந்தது. ஒருநாள் அந்த வீட்டு மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அம்மா, உங்கட ரொட்டி மட்டும் எப்பிடி இவ்வளவு மெதுவா வருது? எங்கட வீட்டில சுட்டா ஓடு மாதிரிக் கிடக்கு."

"உக்காருங்க தம்பி. மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசுவோம்" என்றாள் அம்மா.

அவர் அதற்குப் பிறகும் வந்தார். மா குழைக்கப் பழகுவதற்கு அவ்வளவு நாள் தேவையில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஊர் திரும்பியபின் அவருக்கும் எனக்கும் கலியாணம் நடந்தது.

முரசுமோட்டையில் நான் வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்தேன். பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதத்தில் வெள்ளைச் சட்டைகள் கதிரை, மேசை எல்லாம் குவிந்து கிடக்கும். அப்படியொரு மும்முரத்தில்தான் ஒரு காலையில் கத்தரிக்கோலை விரிக்க முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கிப் பளபளத்தன. வெயில் ஏறிய பிறகுதான் கை என் சொல் கேட்டது. மறுநாளும் அப்படியே. ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். மூட்டு நோ கொஞ்சம் அடங்கியது, ஆனால் போகவில்லை.

அதோடு வேறு தொல்லைகளும் சேர்ந்தன. சாப்பிட்டால் வயிறு ஊதும், உடனே ஓட வேண்டிவரும். உடம்பு மெலிந்தது. இரத்தம் குறைவென்று இரும்புக் குளிசை தந்தார்கள். எவ்வளவு போட்டும் இரத்தம் ஏறவில்லை. எல்லாம் வாதக் குளிசையின் சூடு என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா தொலைபேசியில் சொன்னாள்: "வயிறு சரியில்லன்னா சோத்த விடு. வெறும் ரொட்டியத் தின்னு தேத்தண்ணி குடி, லேசா இருக்கும்." அப்படியே செய்தேன். இன்னும் மோசமானது.

கிளினிக்குக்குப் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்தா. என்னைவிட வயது குறைந்தவா. கையைப் பார்த்து முடித்தபிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டா.

"அக்கா, காலமையில என்ன சாப்பிடுறனீங்கள்?"

"ரொட்டி, டொக்டர்."

"மத்தியானம்?"

"சோறு வயித்துக்கு ஒத்துவருதில்லை எண்டு மத்தியானமும் ரொட்டிதான்."

அவா பேனையைக் கீழே வைத்தா. சீலியாக் என்றொரு நோய் இருக்கிறது, எங்கள் பக்கம் அதை அதிகம் தேடிப் பார்ப்பதில்லை என்றா. கோதுமையில் உள்ள ஒரு பொருள் உள்ளே போனதும், உடம்பைக் காக்கிற சக்தியே பிழையாக விளங்கிக்கொண்டு சொந்தக் குடலை அடிக்கத் தொடங்குமாம். வாதத்திலும் அதே சக்திதான் சொந்த மூட்டுகளை அடிக்கிறது.

"அப்ப ரொட்டியாலதான் எனக்கு வாதம் வந்ததோ?"

"அப்பிடி அடிச்சுச் சொல்ல ஏலாது அக்கா. ரெண்டும் ஒரே வகை வருத்தம். ஒண்டு இருக்கிற ஆக்களுக்கு மற்றது வர இடமிருக்கு. முதல்ல இரத்தம் சோதிப்பம். அதில காட்டினா வாய்க்குள்ளால குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பம். அதுவரைக்கும் ரொட்டியை நிப்பாட்டிப் போடாதேங்கோ. நிப்பாட்டினா சோதினையில ஒண்டும் தெரியாமல் போயிடும்."

வெளியே என் கணவர் மோட்டார்சைக்கிளோடு நின்றார். சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி யோசித்தார்.

"அப்ப தின்னச் சொல்லுறாவோ, வேண்டாம் எண்டுறாவோ?"

"இப்ப தின்னட்டாம். பிறகு வேண்டாமாம்."

இரண்டு பேரும் வீதியோரத்தில் நின்று சிரித்தோம். 

இரத்தத்தில் காட்டியது. குழாய்ச் சோதனைக்கு நாள் தந்தார்கள். இடையில் கிடைத்த அந்தக் கிழமைகளை இன்றைக்கும் நினைக்கிறேன். வயிறு வலிக்கும் என்று தெரிந்தே சாப்பிட்டேன். இனி இல்லை என்ற நினைப்பில் ஒவ்வொரு வாயும் ருசித்தது. அம்மா தர்மபுரத்திலிருந்து வந்து நின்று, என்னைக் குசினிக்குள் விடாமல் தானே சுட்டாள். சம்பலை ஒருநாள் மாசிக் கருவாடு போட்டு இடித்தாள், ஒருநாள் பச்சைமிளகாயோடு. சோதனைக்கு முதல்நாள் மத்தியானம், கல்லுக்கு முன்னால் இருந்தபடி திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"நான் ஊட்டி வளத்ததே ஒனக்கு வெசமா போச்சா?"

"அப்பிடி சொல்லாதீங்கம்மா. முகாம்ல அந்த மா இல்லன்னா நாம எல்லாம் என்ன ஆகியிருப்போம்?"

அவள் கல்லை விட்டு இப்போதுதான் திரும்பினாள். வெந்த ரொட்டியைப் பிய்த்து ஊதி என் வாயில் வைத்தாள். என் விரல்கள் அன்றைக்கு நல்லாய் வீங்கியிருந்தன. அதனால்தான் ஊட்டினாளா, வேறு எதற்காகவாவதா என்று நான் கேட்கவில்லை.

டொக்டர் நினைத்ததே சரியாக இருந்தது. வீட்டில் மா அரிக்கிற அரிதட்டையும் ரொட்டிக் கல்லையும் மாற்றினோம். பிறகுதான் கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதென்று தெரிந்தது. எங்கள் பக்கத்துத் தோசையில் அது இருக்கிறது, கடைப் புட்டில் இருக்கிறது, பெருங்காயத்தில்கூட இருக்கிறது. கலியாண வீடுகளில் சாப்பிடாமல் எழும்பினால் மனவருத்தப்படுகிறார்கள். என் கணவர் எனக்காக அரிசியைத் தனியே இடிப்பித்து வறுத்துத் தருகிறார். தானும் ரொட்டியை விட்டுவிட்டதாகத்தான் சொல்வார். சந்தைக்குப் போய் வருகிற நாட்களில் மீசையில் ரொட்டித் துகளும் சம்பல் வாசமும் இருக்கும். நான் கண்டுகொள்வதில்லை.

சில மாதங்களில் வயிறு அடங்கியது. இரத்தம் ஏறியது. மெலிந்தபோது இறுக்கித் தைத்த சட்டைகளை மறுபடி பிரித்துத் தைத்தேன். மூட்டு நோ குறைந்திருக்கிறது, ஆனால் வாதம் வாதம்தான். குளிசையை விட முடியாது, மாரியில் விரல்கள் இறுகும். துணியை அவர் வெட்டித் தருகிறார், நான் தைக்கிறேன். முந்திப்போல மேசை நிறைய எடுப்பதில்லை.

இரத்த உறவுகளும் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தா. தங்கை போனாள், அவளுக்கு ஒன்றுமில்லை. அம்மா மாட்டேன் என்றாள். பிறகு ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் இரத்தம் கொடுத்திருக்கிறாள். சோதனை மறுமொழி வந்த அன்று நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. 

"என்னம்மா சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் இப்பிடி இருக்கீங்க?"

"ஒனக்கு மட்டும் வந்திருச்சே" என்றாள்.

அவளைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். பின்னேரம் என் கணவர் வெளியில், மாமரத்தடியில் கல் வைத்து அடுப்பு மூட்டிப் பழைய ரொட்டிக் கல்லை ஏற்றினார். அம்மா அவருக்கும் தனக்கும் ரொட்டி சுட்டாள். மாத்தூள் என் பக்கம் பறக்காதபடி நான் காற்று வருகிற பக்கமாய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இருட்டும்வரை அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.