முட்டிக்கு இதமான தரை

என் தங்கை புருஷனுக்கு வேலை, பொம்மையைக் கீழே போடுவது. சிரிக்க வேண்டாம், இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டார். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கடைக்கு அனுப்பும் முன் சோதித்துப் பார்க்கும் கூடம் அது. சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு கோடு. அந்த உயரத்திலிருந்து நாலு தடவை போட வேண்டும். பிறகு முட்டி போட்டுத் தரையைத் தடவி, உடைந்து விழுந்ததைப் பொறுக்கி, குழந்தையின் தொண்டை அளவுக் குழாய் ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். துண்டு உள்ளே இறங்கிவிட்டால் பொம்மை ஃபெயில். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'போட்டுடைப்பு'. எனக்கு மாப்பிள்ளை.

பேச்சு குறைவு. வேலையில் மட்டும் பிடிவாதம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் யார் பிள்ளை கையிலாவது கிலுகிலுப்பை இருந்தால் வாங்கித் திருகிப் பார்ப்பார். பிள்ளை வீறிடும். "இவரைக் கூட்டிக்கிட்டு ஒரு இடம் போக முடியலண்ணே" என்பாள் என் தங்கை.

அங்கே தரை என்றால் சும்மா தரை இல்லை. சிமெண்ட் தளத்தின்மேல் மெல்லிசாக வினைல் டைல்ஸ், அளவு சொல்லி ஒட்டியிருக்க வேண்டும். போன வருடம் அது விரிசல் விட்டது. ரிப்பேருக்கு வந்தவர் புதிதாக ஒட்டிவிட்டுப் போனார். அதே நிறம், அதே வழவழப்பு. தரை சரி என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

"புதுத் தரை நல்லா இருக்கு மச்சான். முட்டி வலியே தெரியல" என்றார் என்னிடம்.

பதினோரு மாதம் அந்தச் சுகத்தில் போனது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டவென்று மட்டமான பிளாஸ்டிக் கிளிகள் ஒரு பெட்டி வைத்திருப்பார். எந்தக் கிளியும் இரண்டாவது தடவை தாங்காது. அன்று நாலாவதும் தாங்கியது, ஆறாவதும் தாங்கியது. "என்ன போட்டுடைப்பு, கிளிக்கு ஆயுசு கெட்டி போல" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பிளேடு எடுத்து டைல்ஸின் மூலையைக் கிழித்தார். அடியில் விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு.

சரியான டைல்ஸை ஒட்டவைத்து, பதினோரு மாதத்தில் பாஸ் செய்த பொம்மைகளை அலமாரியிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டார். மற்றதெல்லாம் தப்பியது. ஒரு ரயில் தப்பவில்லை. பெட்டிக்குப் பெட்டி காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ரயில். மூன்றாவது தடவையில் மூடி பிளந்து, மிளகளவு காந்தம் இரண்டு உருண்டன. குழந்தை இரண்டையும் விழுங்கினால், குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். குடல் ஓட்டையாகும். வெளியே பார்த்தால் சாதாரண வயிற்றுவலி.

மேனேஜரிடம் போனார்.

"தரைக்கு மெத்தை போட்டிருந்தோம்னு வெளியில சொல்லச் சொல்றீங்களா? டைல்ஸை மாத்தியாச்சுல்ல, விடுங்க. உங்க வேலை பொம்மையைப் போட்டு உடைக்கிறது. இதைப் போட்டு உடைச்சிராதீங்க."

தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் சுற்றிவந்து மேனேஜர் மேசையிலேயே விழுந்தது. அடுத்த வாரம் மாப்பிள்ளையைப் பார்சல் பிரிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்போதுதான் ரயில் வாங்க ஆரம்பித்தார். கடை கடையாகப் போய், இருப்பதையெல்லாம் அள்ளி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "காலேஜ் போற பொண்ணை வச்சுக்கிட்டு ரயில் விளையாடுறாருண்ணே. அக்கம்பக்கத்துல பாக்குறாங்க" என்று தங்கை அழுதாள். ஊரில் இருக்கிறதை எல்லாம் வாங்கித் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

நான் குடோனிலிருந்து கடைகளுக்குப் பொம்மைப் பெட்டி இறக்கும் வேன் டிரைவர். ஒரு கடைக்காரர் சொன்னார்: "அந்த ரயிலு பிச்சிக்கிட்டுப் போகுதுய்யா. கண்ணாடி போட்ட ஆள் ஒருத்தர் வந்தா வழிச்சு எடுத்துட்டுப் போறாரு. அவருக்கு எத்தனை பேரப்பிள்ளைங்களோ. அடுத்த தடவை எட்டுப் பெட்டி போடு. முன்னாடி அடுக்கப் போறேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குடோனில் எட்டுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் வாங்கினதெல்லாம்?"

"ஒண்ணுக்கு ரெண்டா வருது மாப்ளே."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வண்டியில இப்ப இருக்கா?"

"எட்டுப் பெட்டி. நாளைக்கு இறக்கணும்."

"இறக்காதீங்க மச்சான்."

"நான் இறக்கலேன்னா வேற வேன் இறக்கும்."

கட்டிலுக்கு அடியில் துருத்திய ரயில் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னு பாத்தேன். வயித்துவலின்னு பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க. வீட்டுல ரயில் இருக்கான்னு எத்தனை பேரை நிறுத்திக் கேக்குறது?"

மறுநாள் பெட்டியை இறக்கும்போது, காந்தம் கழன்று விழும், விற்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பெட்டியைத் திருப்பி முத்திரையைக் காட்டினார். மாப்பிள்ளை பாஸ் போட்ட முத்திரை.

"சோதிச்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும். இறக்குய்யா."

எட்டையும் இறக்கினேன்.

மாப்பிள்ளை இப்போது கடைப்பக்கம் போவதில்லை. தான் வாங்குவதை நிறுத்தினாலாவது வரத்து குறைகிறதா என்று வாரம் தவறாமல் என்னிடம் கேட்கிறார். குறையவில்லை. பிள்ளைகளுக்கு அந்த ரயில் பிடித்துப்போய்விட்டது.