சித்தப்பா பிடித்த இடம்

இப்போதெல்லாம் பேருந்தில் யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுத்தால் அலுப்புத்தான் வருகிறது. இந்த மாதம் மட்டும் நான்கு பேர். நால்வருமே, நான் உட்கார்ந்ததும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான் பார்ப்பார்.

அறுபதுகளில், செஞ்சியில் எங்கள் வீட்டில் ஒரு தடித்த நாவல் இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. அதன் நாயகன் ஒரு தளபதி. குடிப்பான், பகடையில் ஒரு கோட்டையையே தோற்றவன். ஆனால் வழியில் ஒரு பெண் நடந்து போவதைக் கண்டால் குதிரையை விட்டு இறங்கி, அவளை ஏற்றிவிட்டுத் தான் நடப்பான். சித்தப்பா அதை உரக்கப் படிப்பார். பெண்கள் மல்லாட்டை உடைத்துக் கடலையைக் கொறித்துக்கொண்டே கேட்பார்கள்.

"ஆயிரம் கெட்டது இருக்கட்டும், இந்த ஒரு கொணம் போதும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள், சித்தி உட்பட.

சித்திக்கு அதற்குமுன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவது ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தபோது, தவிர்க்க முடியாத கல்யாணம் ஒன்று பக்கத்து அனந்தபுரத்தில் வந்தது. அலுங்காமல் போய் வரச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. சிறுவனான நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். சித்தப்பா ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஓர் இடம் பிடித்தார். சித்தி மெல்ல ஏறி வருவதற்குள், கைக்குழந்தையோடு யாரோ ஒருத்தி அந்த இடத்தருகே வந்து நின்றாள். சித்தப்பா துண்டை எடுத்து உதறினார்.

"உக்காரும்மா."

"தங்கமான மனுசன்" என்றார், உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர். அவர் எழுந்திருக்கவில்லை.

கண்டக்டர்தான் கேட்டார். "யோவ், உன் பொண்டாட்டி வாயும் வயிறுமா நிக்குது, கண்ணு தெரியலியா?"

"அது நம்ம வூட்டு ஆளுங்க. சமாளிச்சிக்கும்."

பஸ் சிரித்தது. கைக்குழந்தைக்காரி பதறி எழப் பார்த்தாள். "உக்காருக்கா, பரவால்ல" என்றாள் சித்தி. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்தபடி அத்தனை பள்ளங்களையும் நின்றே கடந்தாள்.

செஞ்சியில் இறங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வலியில் முகமெல்லாம் வியர்வை. சித்தப்பா குதிரைவண்டி தேடி ஓடினார். நானும் சித்தியும் மட்டும்.

"ஏன்டா, அந்தக் கதையில அவனுக்குப் பொண்டாட்டி இருக்குதா?"

நான் முன்கூட்டியே கடைசிவரை படித்திருந்தேன். "இருக்குது சித்தி. கடைசியில ஒரே ஒரு தபா வருது. அவன் செத்ததும் அழுவுது."

சித்தி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வண்டியோடு வந்த சித்தப்பா அதைப் பார்த்து, "நான் சொல்லல, ஒண்ணும் ஆவாதுன்னு" என்றார்.

குழந்தை தங்கியது, பெண். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்ததில்தான் சித்திக்கு வலி தீர்ந்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.