மழை விழட்டும், அப்டேட் போடலாம்

எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகம் போகிற சாலையில், உப்பளங்களுக்கு நடுவே இருக்கிற எடைமேடையில் பதினேழு வருடம் அந்தச் சனியன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உப்பு ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். சுவரில் மாட்டிய பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். அந்த எண் ஒரு கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். வெறும் வண்டி எடையைக் கழித்து, உள்ளே இருக்கிற உப்பு இவ்வளவு என்று அது சீட்டு அடித்துத் தரவேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை. அதைச் செய்வதற்குள் அது படுத்துகிற பாட்டுக்கு, தராசும் படிக்கல்லும் வைத்து நானே மொத்த லாரியையும் நிறுத்துவிடலாம்.

உப்புக் காற்றில் அதன் பெட்டியெல்லாம் துரு. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு எதிர்க் கடைக்குப் போய் டீ குடித்து, டீக்கடைக்காரரிடம் நாட்டு நடப்பைப் பேசி, அவரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தால்கூடத் திரையில் அந்தப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒருவழியாக எழுந்ததும் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரும். இந்தச் சிஸ்டம் பழசாகிவிட்டது, புதுசு தயாராக இருக்கிறது, இப்போதே போடவா, பிறகு நினைவுபடுத்தவா என்று கேட்கும். நான் 'பிறகு' என்பதை அழுத்துவேன். நாலு வருடம் தினமும் அழுத்தியிருக்கிறேன்.

சோம்பல் என்று நினைக்கவேண்டாம். ஒருநாள் சீட்டுக் கட்டைக் கொடுக்க முதலாளியின் அறை வாசலில் நின்றபோது, எடைமேடை கம்பெனிக்காரன் ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தான். "அந்தப் பழைய சிஸ்டத்தை அப்டேட் பண்ணிட்டீங்கன்னா எங்க புது சாஃப்ட்வேரைப் போட்டுடலாம் சார். வண்டி நம்பரை கேமராவே படிச்சுக்கும். ரெண்டு ஷிஃப்டுக்கு ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் போதும்." சர்க்கரை தடவிய குரல். நான் சீட்டுக் கட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. இந்தச் சிவப்பு எண்களைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது. அப்டேட் போட்டால் ஒரு ஆள் வீட்டுக்குப் போகவேண்டும். அது நானாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மற்ற ஆள் யார் என்றால், மதிய ஷிஃப்டுக்கு வருகிறவள். இங்கே பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அவள் புருஷன் லோடுமேன். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய் வீட்டில் படுத்தவர். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். கெட்டிக்காரி. அதனாலேயே எனக்கு அவளைப் பார்த்தால் எரிச்சலாக வரும். நான் ஒரு விரலால் தடவித் தடவி அடிப்பதை அவள் பத்து விரலாலும் பொரிப்பதுபோல் அடிப்பாள்.

எங்கள் ஊரில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் காரணம் தேடி அலையவேண்டாம். உப்புக் காலம் என்றால் போதும். உப்பு வாருகிற மாதங்களில் எவனும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கமாட்டான், லாரியை வொர்க்‌ஷாப்பில் விடமாட்டான். எல்லாவற்றுக்கும் "மழை விழட்டும்" என்பான். முதலாளி அப்டேட் பேச்சை எடுத்தபோது நானும் அதையே சொன்னேன்.

"உப்பு ஓடுத நேரத்துல சிஸ்டத்துல கை வைக்கலாமா மொதலாளி? லாரி பூரா ரோட்டுல நிக்கும். மழை விழட்டும், போடலாம்."

"அதுவும் சரிதாம்வே," என்றார்.

மழை விழுந்தது. அளங்களெல்லாம் தண்ணீர் கட்டிக் கிடந்தன. அம்பாரமாகக் குவித்து மூடிவைத்த உப்பு மட்டும் ஒன்றிரண்டு லாரியில் போகும். அவர் மறுபடி கேட்டார். "இந்த மழையில கரண்டு எப்ப போவும், எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? பாதியில நின்னுச்சுன்னா சிஸ்டம் செத்துச்சு மொதலாளி. வெயில் அடிக்கட்டும்," என்றேன். அதற்கும் தலையாட்டினார். வெயில் அடித்தால் உப்பு ஓடும். உப்பு ஓடினால் மழை விழவேண்டும். இப்படியே நாலு வருடம் ஓட்டினேன். உப்புக்காரனுக்குப் பருவத்தைச் சொன்னால் அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், நானும் உப்புக்காரன் மகன்தானே.

அவள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிஸ்டம் படுத்தால் அவள் ஷிஃப்டில்தான் அதிகம் படுக்கும். நண்பகல் சூட்டில் வெந்து, சாயங்காலம் அப்படியே உறைந்து நிற்கும். டிரைவர்கள் ஹாரனை அமுக்கி வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டுவார்கள்.

"அண்ணாச்சி, அப்டேட் போட்டா இந்தத் தொல்லை இருக்காதுன்னு கம்பெனிக்காரர் சொல்லுதாரு. ஒரு ஞாயித்துக்கெழமை வாங்க, நானும் வாரேன், ரெண்டு பேருமா போட்டுருவோம்."

"ஏளா, ஒனக்கு என்ன தெரியும்? இது பழைய கேபிளு. புது சிஸ்டம் இத ஏத்துக்காது. அப்புறம் எடையே வராது. மேடையில லாரிய ஏத்திட்டு நீ போயி தோள்ல தூக்கிப் பாப்பியா?"

பொய். கேபிளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவள் நம்பினாள். அல்லது நம்புகிற மாதிரி இருந்தாள். அதற்குப் பிறகு மின்விசிறியை அந்தப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்வையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

சிஸ்டம் படுத்தால் கைவசம் ஒரு வழி வைத்திருந்தோம். ஒரு நீள நோட்டு. அதில் வழக்கமாக வருகிற லாரிகளின் வெறும் வண்டி எடையை என் கையெழுத்தில் எழுதி வைத்திருப்பேன். கம்ப்யூட்டர் உறைந்தாலும் சுவர்ப் பெட்டியில் சிவப்பு எண் ஓடும். அந்த எண்ணிலிருந்து நோட்டில் இருப்பதைக் கழித்துச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த நோட்டு என் பொறுப்பு. அதில் வேறு யாரும் எழுதக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன்.

ஒரு பங்குனி மாதம். காலை ஷிஃப்டில் ஒரு லாரி வந்தது. பழைய மரத் தொட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரும்புத் தொட்டி கட்டிக்கொண்டு பளபளவென்று வந்து நின்றது. வெறும் வண்டியை ஏற்றிப் பார்த்தேன். முக்கால் டன் கூடியிருந்தது. கம்ப்யூட்டரில் புது எடையைப் பதிந்தேன். நோட்டில் திருத்தவில்லை. பின்னால் வரிசை நின்றது, அப்புறம் எழுதலாம் என்று விட்டேன், மறந்தேன். அப்புறம், அப்புறம் என்றே பழகிப்போன கை.

ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் வீட்டில் இருந்தேன். அவள் போன் செய்தாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"அண்ணாச்சி, சிஸ்டம் அப்படியே நின்னுட்டு. ஆறு வண்டி நிக்கி. என்ன செய்ய?"

"என்ன செய்யவா? நோட்டு எதுக்கு இருக்கு? அதப் பாத்துக் கழிச்சு கையால எழுதிக் குடு. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ," என்று வைத்துவிட்டேன்.

அந்த ஆறில் ஒன்று இரும்புத் தொட்டி லாரி. நோட்டில் இருந்தது பழைய எடை. கழித்து எழுதியபோது, வண்டியின் கனத்தில் முக்கால் டன் உப்புக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் உப்பு வாங்கிய ஆலையிலிருந்து போன் வந்தது. சீட்டில் உள்ளதைவிட முக்கால் டன் குறைகிறது, வழியில் எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். சீட்டு கையால் எழுதியது என்றதும் முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். டிரைவரும் அவளும் கூட்டு, உப்பை வழியில் விற்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

அவள் மதியம் வருவதற்குள் நான் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டிருந்தேன். அது எழுந்ததும் அந்த லாரியின் பதிவைத் திறந்து பார்த்தேன். புது எடை, நாள், என் ஷிஃப்ட், எல்லாம் அப்படியே இருந்தது. அதை முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் நோட்டை ஏன் திருத்தவில்லை என்று கேட்பார். சிஸ்டம் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று கேட்பார். நாலு வருடத்து மழையும் வெயிலும் என் தலையில் விழும். பதிவை மூடினேன்.

அவள் வந்தாள். முதலாளி நிற்கவைத்தே கேட்டார்.

"சத்தியமா நோட்டுல உள்ளதத்தான் மொதலாளி கழிச்சு எழுதுனேன்," என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நோட்டு சரியாத்தான இருக்கு வே?"

"சரியாத்தான் இருக்கும் மொதலாளி," என்றேன். "சாயங்காலம் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் காலையில உள்ள ஆளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சிவப்பு எண்ணைப் பார்த்தேன். மேடையில் வண்டி இல்லை, பூஜ்ஜியம் காட்டியது. அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளிக்கு வந்த கோபத்தில் உப்பாவது, மழையாவது! அன்றைக்கே கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு அப்டேட் போடச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். கேபிள் செத்துப்போகட்டும், திரை கறுத்துப்போகட்டும், நான் சொன்னது ஒன்றாவது பலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம் ஆனது. திரை அணைந்து எழுந்தது. ஒரு லாரியை ஏற்றினார்கள். எடை கேபிள் வழியாகச் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. "இந்தக் கேபிள் எதுலயும் வேலை செய்யும் சார்," என்றான் அவன். அவனை அந்த மேடையிலேயே போட்டு நசுக்கலாம் போல இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். புது சாஃப்ட்வேரும் வந்துவிட்டது, கேமராவும் மாட்டியாயிற்று. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"வே, இனி ஒரு ஆளு போதும். நீரே பாத்துக்கிடும். உண்மையச் சொல்லப்போனா அந்தப் புள்ளயத்தான் வச்சுக்கிடலாம்னு நெனச்சிருந்தேன். அதுக்குத்தான் சிஸ்டம் நல்லா வரும். களவாணின்னு ஆயிட்டு, என்ன செய்ய."

சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். சோறும் இறங்கியது, தூக்கமும் வந்தது. அந்த டீயையும் முழுக்கக் குடித்தேன். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என் நாற்காலி போகும் என்று அவரே இப்போது சொல்லிவிட்டாரே. மூடிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, கம்பெனிக்காரன்மேல் வந்தது, ஒரு போன் போட்டு என்னிடம் யோசனை கேட்ட அவள்மேல்கூட வந்தது. யார்மேல் வரவேண்டுமோ அவனைத் தவிர எல்லார்மேலும் வந்தது.

ஆவணி மாதம் ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் புதுக்கோட்டை போனேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றாள். ஒதுங்கிப் போக இடமில்லை. முகம் கறுத்திருந்தது. உள்ளங்கைகளில் தோல் வெடித்து, கட்டுத்துணி சுற்றியிருந்தாள்.

"எங்க போற?" என்று கேட்டுவைத்தேன்.

"அளத்துக்கு அண்ணாச்சி. உப்பு செமக்கப் போறேன். வேற எடைமேடையில களவாணியச் சேப்பாங்களா?"

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். அவளே பேசினாள்.

"அப்டேட் போட்டாச்சாமே. கேபிளு வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அந்த லாரி புதுத் தொட்டி கட்டி வந்தது ஒங்க ஷிஃப்டுல. டிரைவர் மறுநாளே எங்கிட்டச் சொல்லிட்டாரு. அவரு போயிச் சொன்னா கூட்டுன்னுதான சொல்லுவாங்க, நீங்க சொன்னாத்தான் எடுபடும். எப்படியும் சொல்லிருவீங்கன்னு ஒரு மாசம் போனக் கையிலயே வச்சுக்கிட்டுக் கெடந்தேன் அண்ணாச்சி."

பஸ் வந்தது. நானும் அதில்தான் போகவேண்டும். அவள் முன்வாசலில் ஏறினாள். நான் ஏறவில்லை.